மரத்தைத் தொடுவது பல்தான்

(தென்னை விவசாயிகளும் மரம் அறுக்கும் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



என்னை அழைத்தவர்கள் "செயின்சா பராமரிப்பு" என்று தலைப்புக் கொடுத்தார்கள். பராமரிப்பு என்றால் ஏர் ஃபில்டரைத் தட்டுவது, பெட்ரோலில் டூ-டி ஆயில் கலப்பது, பிளக்கைத் துடைப்பது என்று எவ்வளவோ இருக்கிறது. அதையெல்லாம் உங்களுக்கு மெக்கானிக் சொல்லிவிடுவார். நான் ஒரே ஒரு வேலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஓர் உருண்டை அரத்தையும் அதைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சின்ன கைடையும் வைத்துக்கொண்டு, செயினின் பல்லை நாமே தீட்டிக்கொள்வது எப்படி என்பதுதான் அது.

என் தாத்தா மரம் அறுப்பவர். ஆளுயரத்துக்குக் குழி வெட்டி, அதன் மேல் மரத்தைக் கிடத்தி, ஒருவர் மேலே நின்றும் ஒருவர் குழிக்குள் நின்றும் இழுக்கிற பெரிய ரம்பம் அவருடையது. விடிந்ததும் கஞ்சி குடிப்பதற்கு முன்னால் முப்பட்டை அரத்தைக் கையில் எடுப்பார். ரம்பத்தை இரண்டு முளைக்கு நடுவில் செருகி, ஒரு பல் விட்டு ஒரு பல்லாக அரம் போட்டுக்கொண்டே வருவார். அந்தக் கீச்சொலியில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். அரம் போடாத ரம்பத்தை இழுக்கிறவன் மரத்தை அறுக்கவில்லை, தன் தோளை அறுக்கிறான் என்பார்.

அவர் காலத்து ஆட்கள் யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. ரம்பம் மழுங்கினால் பத்தாவது இழுப்பிலேயே தோள் சொல்லிவிடும். நமக்கு மெஷின் வந்தது. மழுங்கிய செயினை எஞ்சின் இழுக்கிறது. கூராக இருந்தாலும் அதே சத்தம், மழுங்கினாலும் அதே சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு, மரத்தை எஞ்சின் அறுக்கிறது என்று நாம் நம்பிவிட்டோம். எஞ்சின் செயினைச் சுற்றுகிறது, அவ்வளவுதான். மரத்தைத் தொடுவது பல்தான்.

எனக்கு இது புரிந்த நாளைச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் எப்படிக் கிடந்தன என்று இங்கே இருக்கிற யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை என்று பெயர் சொல்லி வளர்த்த மரங்கள், வேரோடு பெயர்ந்தும் நடுவில் முறிந்தும், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. வழி விட வேண்டும், வீட்டின்மேல் சாய்ந்ததை எடுக்க வேண்டும், மின்கம்பிமேல் கிடப்பதை எடுக்க வேண்டும். மெஷின் வைத்திருந்த எல்லோரும் இறங்கினோம். நானும் இறங்கினேன்.

காலையில் முதல் நாலு மரம் வெண்ணெய் மாதிரி அறுந்தது. உச்சிப்பொழுதுக்குள் செயின் செத்துவிட்டது. தென்னையின் உள்பக்கம் மெத்தென்று இருந்தாலும் வெளிவட்டம் இறுகிய நார்க்கட்டு; செயினைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அதோடு, வேர் பெயர்ந்த மரத்தின் மேலெல்லாம் மண். அடிமரத்தை அறுக்கும்போது, செயினைத் தாங்கும் பாரின் முனை ஒரு நொடி தரையைத் தொட்டுவிடும். அந்த ஒரு நொடி போதும். என்னிடம் அரம் இல்லை. அப்போது எனக்கு அரம் பிடிக்கத் தெரியாது என்பதே உண்மை. எடையைப் போட்டு அழுத்தினேன். மெஷின் புகைந்தது. இன்னும் அழுத்தினேன். மரம் திடீரென்று அறுந்து முடிந்தபோது, நான் போட்டிருந்த அழுத்தம் முழுவதும் மெஷினோடு சேர்ந்து என் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. பேண்ட் கிழிந்தது, சதையில் ஒரு கோடு விழுந்தது. எலும்புக்கும் அந்தக் கோட்டுக்கும் ஒரு விரற்கடைகூட இடைவெளி இல்லை.

பக்கத்துத் தோப்பில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் அறுத்துக்கொண்டிருந்தார். அவருடைய மெஷின் என்னுடையதைவிடச் சின்னது. ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் இடுப்புத் துணிப்பையிலிருந்து அரத்தை எடுத்து, கிடக்கிற மரத்தின்மேலேயே பாரை வைத்து, செயினை ஒரு சுற்றுத் தீட்டிவிட்டுத்தான் மறுபடி ஸ்டார்ட் பண்ணுவார். எஞ்சினும் ஆறும், பல்லும் கூராகும், அவரும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் அவர் அறுத்தது என்னைப்போல இரண்டு பங்கு. அவர் ஒரு தடவைகூட அழுத்தி நான் பார்க்கவில்லை.

இப்போது இந்தச் செயினைப் பாருங்கள். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். இது 18 அங்குல பாருக்கு உரிய செயின். பாரின் பள்ளத்தில் ஓடுகிற கண்ணிகள் 72. வெட்டுகிற பற்கள் 36. அதில் 18 இடப்பக்கம் வெட்டும், 18 வலப்பக்கம் வெட்டும். செயினின் மொத்த நீளம் ஏறத்தாழ 1.2 மீட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடும்போது, 7 பல் சக்கரத்தில் மாட்டிய இந்தச் செயின் நொடிக்கு 19 மீட்டர் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் பேருந்து போகிற வேகம், மணிக்கு 70 கிலோமீட்டர். நொடிக்கு 16 முறை பாரை முழுசாகச் சுற்றி வருகிறது. பதினாறை முப்பத்தாறால் பெருக்குங்கள். ஒரு நொடியில் 570க்கு மேற்பட்ட பற்கள் மரத்தைக் கடந்து போகின்றன. ஒவ்வொன்றும் கூராக இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு சீவல் எடுக்கும். மழுங்கியிருந்தால் அத்தனையும் மரத்தைத் தேய்க்கும். தேய்த்தால் சூடு வரும். அந்தச் சூட்டில் பாரின் விளிம்பு போகும், சக்கரம் போகும், கிளச்சும் போகும். ஓர் அரத்துக்குச் செலவு செய்ய மனமில்லாமல் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறோம்.

இந்தப் பல்லின் வடிவத்துக்கு ஒரு கதை இருக்கிறது. நம் தொழிலில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் மின்சாரத்தில் ஓடும் செயின்சாவைச் செய்தார். 1929இல் பெட்ரோலில் ஓடுவது வந்தது. எஞ்சின் வந்துவிட்டது, ஆனால் பல் பழைய பல்லாகவே இருந்தது. கைரம்பத்தின் பல்லைப் போல நேராக நின்று மரத்தைச் சுரண்டும். அடிக்கடி அரம் போட வேண்டும், அரம் போடுவதும் பெரும்பாடு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ் என்று ஒரு மரவெட்டி இருந்தார். 1946இல் ஒரு நாள் விறகு பிளந்துகொண்டிருந்தபோது, ஓர் அடிக்கட்டையைக் குடைந்து தின்றுகொண்டிருந்த வண்டின் புழுவைக் கண்டார். மனிதனுடைய ஆள்காட்டி விரல் அளவுப் புழு. மரத்தின் நாரோட்டத்தின் வழியாகவும் குறுக்காகவும் அது ஒரே மாதிரி சுலபமாகப் போய்க்கொண்டிருந்தது.

நம் தோப்பில் சிவப்புக் கூன்வண்டின் புழுவைக் கண்டால் நாம் தலையில் கை வைத்துக்கொள்வோம். காக்ஸ் குனிந்து அதன் வாயைப் பார்த்தார். வளைந்த இரண்டு தாடைகள். ஒன்று இடப்பக்கம் வெட்ட, ஒன்று வலப்பக்கம் வெட்ட, மரம் சீவிக்கொண்டு வந்தது. அந்தத் தாடையை அப்படியே எஃகில் செய்ய முடியுமா என்று தன் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து முயன்றார். 1947இல் அந்தச் செயின் விற்பனைக்கு வந்தது. இன்று உங்கள் மெஷினில் ஓடுவது அடிப்படையில் அதே வடிவம்தான். ஓர் இடப்பல், ஒரு வலப்பல், மாறி மாறி. பல்லின் உட்பக்கம் வளைவாக இருப்பதால்தான் அதற்கு உருண்டை அரம் தேவைப்படுகிறது. அந்தப் புழுவின் தாடைக்குள் நாம் அரத்தைச் செலுத்துகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பல்லைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு பல்லுக்கு இரண்டு பாகம். பின்னால் நிற்பது வெட்டும் பல். அதற்கு மேல்தட்டு ஒன்று, பக்கத்தட்டு ஒன்று. இரண்டும் சேருகிற மூலைதான் முதலில் மரத்தைத் தொடும். முன்னால் குட்டையாக ஒரு மூக்கு நிற்கிறது. கடைக்காரர்கள் அதை ரேக்கர் என்பார்கள். பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது இந்த மூக்கு. மேல்தட்டின் வெளிப்புறத்தில் குரோமியம் மெல்லிய தோலாகப் பூசப்பட்டிருக்கிறது. கூர் நிற்பது அந்தத் தோலின் விளிம்பில். அது பெயர்ந்துவிட்டால், பெயர்ந்த இடம் முழுதும் தேய்ந்து போகிறவரை அரம் போட்டே ஆக வேண்டும். மேலோட்டமாக இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, "தீட்டிவிட்டேனே, ஏன் அறுக்கவில்லை?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பல் மழுங்கிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் மரத்தூளைப் பாருங்கள். பாக்குச் சீவல் போல, அவல் போல வந்தால் பல் நன்றாக இருக்கிறது. கோதுமை மாவு போல வந்தால் நிறுத்திவிடுங்கள். இரண்டாவது, பல்லை வெயிலில் திருப்பிப் பாருங்கள். மழுங்கிய விளிம்பு உருண்டு போயிருக்கும். அதன்மேல் வெளிச்சம் பட்டு ஒரு வெள்ளைக் கோடு மினுக்கும். கூரான விளிம்பில் வெளிச்சம் நிற்க இடமே இருக்காது, கோடு தெரியாது. அரம் போட்டு முடித்த பிறகும் இதே சோதனைதான். அந்த வெள்ளைக் கோடு மறைந்ததா? மறைந்தால் அந்தப் பல் முடிந்தது, அடுத்த பல்லுக்குப் போகலாம்.

இனி அரத்துக்கு வருவோம். வள்ளுவர் மூன்று குறள்களில் அரத்தை எடுத்துச் சொல்கிறார். அவ்வளவு பழைய கருவி, அவ்வளவு பழைய சொல். ஆனால் கடையில் போய் "ஓர் அரம் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வந்துவிடாதீர்கள். செயினுக்கு ஏற்ற தடிமன் வேண்டும். செயினில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவெட்டுகளை எடுத்து, முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடு வரை அளந்து, இரண்டால் வகுத்தால் வருவது பிட்ச். .325 அங்குல பிட்ச் என்றால் பொதுவாக 4.8 மில்லிமீட்டர் அரம். சின்ன மெஷின்களில் வரும் தாழ்ந்த பல் கொண்ட 3/8 செயினுக்கு 4 மில்லிமீட்டர். பெரிய மெஷின்களின் முழு 3/8 செயினுக்கு 5.2 அல்லது 5.5, இது செயின் செய்பவரைப் பொறுத்து மாறும் என்பதால் செயின் வந்த பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். அந்தப் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். அரம் மெலிதாக இருந்தால் பல்லின் அடியைக் குடைந்து கொக்கி போலாக்கிவிடும். தடியாக இருந்தால் பல் மொண்ணையாக நிற்கும்.

தடிமனுக்கு அடுத்தது கோணம். பெரும்பாலான செயின்களுக்கு மேல்தட்டின் கோணம் 30 பாகை, சிலவற்றுக்கு 25. 30 பாகை என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்துப் பாகைமானியைத் தேட வேண்டாம். கடிகாரத்தில் 12க்கும் 1க்கும் நடுவில் இருப்பது 30 பாகை. மெஷினை உங்கள் முன்னால் குறுக்காக வையுங்கள், பாரின் முனை வலப்பக்கம் இருக்கட்டும். அரம் நேராக முன்னே போனால் மணி 12. அதை 1 மணிப் பக்கம் சாய்த்துத் தள்ளினால் எதிர்ப்பக்கத்துப் பற்களுக்குச் சரியான கோணம். அந்தப் பதினெட்டும் முடிந்ததும் மெஷினைத் திருப்பி, முனை இடப்பக்கம் வரும்படி வைத்து, மீதிப் பதினெட்டுக்கு அரத்தை 11 மணிப் பக்கம் தள்ள வேண்டும்.

கேட்பதற்குச் சுலபம். முப்பத்தாறு பல்லுக்கும் கை அதே கோணத்தில், அதே உயரத்தில் போகுமா? இருபது வருடம் அனுபவம் உள்ள கைக்குப் போகலாம். மற்றவர் கைக்குப் போகாது. அதற்காகத்தான் இந்தக் கைடு.

இதோ, இதில் ஒன்றும் பெரிய சூட்சுமம் இல்லை. ஒரு தகடு. அதன் அடியில் அரம் மாட்டியிருக்கிறது. தகட்டை எடுத்துப் பல்லின் மேலும் மூக்கின் மேலும் வைத்தால், அரம் தானாகவே சரியான உயரத்தில் போய் உட்காரும். அரத்தின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு மேல்தட்டுக்கு மேலே நிற்க வேண்டும். மீதி பல்லின் வளைவுக்குள். கையால் இதைச் சரி பார்க்க முடியாது, தகடு பார்த்துக்கொள்கிறது. தகட்டின் மேல் 30 பாகைக் கோடு வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கோடு பாருக்கு இணையாக ஓடும்படி வைத்துத் தள்ளினால் கோணமும் சரி. இன்னொரு வகை, செயினின் மேல் உட்காரும் சின்ன உருளைகள் கொண்டது. அரம் அந்த உருளைகளின்மேல் ஓடும். மூன்றாவது வகை பாரிலேயே இறுக்கிக் கட்டுவது. கோணத்தை ஒரு தடவை திருகி வைத்துவிட்டால் கை தவறவே தவறாது. இரண்டு உருண்டை அரமும் ஒரு தட்டை அரமும் ஒரே சட்டத்தில் பொருத்தி, பல்லையும் மூக்கையும் ஒரே இழுப்பில் தீட்டுவதும் வந்திருக்கிறது. அதுவரை போக வேண்டாம். முதல் தகட்டு வகையே நமக்குப் போதும்.

தொழிலில் பழகிய அண்ணன்மார்கள் சிலர் கைடைப் பார்த்தால் முகம் சுளிக்கிறார்கள். "நாங்கள் கண்ணாலேயே பார்த்துத் தீட்டுவோம், கைடு எல்லாம் கற்றுக்குட்டிக்கு" என்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களுடைய செயினை வாங்கி அளந்து பார்த்திருக்கிறேன். வலக்கைக்காரர் என்றால் ஒரு பக்கத்துப் பற்கள் எப்போதும் சற்றுக் குட்டையாக இருக்கும், ஏனென்றால் அந்தப் பக்கம் தள்ளும்போது கைக்கு வலு அதிகம். இடப்பல்லும் வலப்பல்லும் சமமில்லாவிட்டால் அறுப்பு நேரே இறங்காது, வளைந்து போகும். மரத்துக்குள் பார் சிக்கிக்கொள்ளும். அவர்கள் பார் கோணல் என்று சொல்லிப் புதுப் பார் வாங்குவார்கள். ஒரு கொத்தனார் இருபது வருடம் வேலை செய்த பிறகும் தூக்குக்குண்டைக் கீழே வைப்பதில்லை. அதைப் பார்த்து யாராவது அவருக்குச் சுவர் கட்டத் தெரியாது என்று சொல்கிறோமா?

போன வருடம் என் மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாலை நான் திண்ணையில் செயினை வைஸில் மாட்டிவிட்டு ஒரு போன் வந்ததென்று உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் கைடை வைத்துக்கொண்டு அவள் தீட்டிக்கொண்டிருக்கிறாள். பல நாள் பார்த்திருக்கிறாள், கோட்டைப் பாருக்கு இணையாக வைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று இழுப்பு, வாய்க்குள் எண்ணிக்கொண்டே. ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து முதல் பல்லின் நீளத்துக்கு ஒடித்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த பல்லோடு ஒட்டவைத்துப் பார்க்கிறாள். எனக்கு அது அதுவரை தோன்றியதே இல்லை. மறுநாள் ஒரு வாகை மரத்தை அறுத்தேன். நூல் பிடித்தது போல இறங்கியது. அன்று முதல் எங்கள் வீட்டில் ஈர்க்குதான் அளவுகோல்.

வேலைக்கு உட்காரும்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். தம்பிகளே, இதை மறந்துவிட்டேன் என்று என்னிடம் யாரும் வந்து சொல்லாதீர்கள். கைக்குத் தோல் உறை. செயினைச் சற்று இறுக்கி வைத்தால் பல் ஆடாது. பாரை வைஸில் பிடியுங்கள். தோப்பில் இருந்தால் அடிக்கட்டையில் ஒரு வெட்டு வெட்டி அதில் பாரைச் செருகிக்கொள்ளலாம். எந்தப் பல்லில் ஆரம்பித்தீர்களோ அதன்மேல் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மிகக் குட்டையான பல்லைத் தேடி அதிலிருந்து ஆரம்பியுங்கள், மற்றவை அதற்குச் சமமாக வர வேண்டும். அரம் பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகப் போக வேண்டும், தள்ளும்போது மட்டும் தொட வேண்டும், திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் கெடுவது அரத்தின் பற்கள். அரத்துக்கு எண்ணெய் போடாதீர்கள். நாலைந்து பல்லுக்கு ஒரு தடவை அரத்தைக் கொஞ்சம் உருட்டிவிடுங்கள், எல்லாப் பக்கமும் சமமாகத் தேயட்டும். தள்ளும்போது கை உணரும்: நல்ல அரம் எஃகைக் கடித்துக்கொண்டு போகும், சத்தம் கரகரவென்று இருக்கும். வழுக்கிக்கொண்டு கீச்சென்று போனால் அந்த அரம் முடிந்தது, வேறு மாற்றுங்கள்.

முப்பத்தாறு பல், பல்லுக்கு மூன்று இழுப்பு, நூற்றெட்டு இழுப்பு. பழகிய பிறகு பத்து நிமிடம்.

மூக்கை மறந்துவிடுகிறோம். இது ரொம்ப முக்கியம், அதனால் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன். பல்லின் மேல்தட்டு பின்னோக்கிச் சரிந்து போகிறது. அரம் போடப் போட பல் பின்னால் நகரும். சரிவு இருப்பதால் அதன் உயரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். முன்னால் நிற்கும் மூக்கு அப்படியே நிற்கிறது. ஒரு கட்டத்தில் பல்லும் மூக்கும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். அப்போது பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைத் தொடாது. மூக்குதான் மரத்தின்மேல் உரசிக்கொண்டு போகும். மூக்கு பல்லைவிட ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஏ.டி.எம். கார்டின் தடிமனைவிடக் கொஞ்சம் குறைவு. நாலைந்து முறை தீட்டிய பிறகு ஒரு தடவை இதைப் பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு சின்னத் தகடு விற்கிறது. செயின்மேல் வைத்தால் அதிகமாக நிற்கும் மூக்கு மட்டும் துளை வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். அதைத் தட்டை அரத்தால் சமமாக்கி, முன்மூலையை மட்டும் கொஞ்சம் உருட்டிவிட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "மூக்கை நன்றாக இறக்கிவிட்டால் மெஷின் வேகமாக அறுக்கும்" என்று சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். மூக்கு அளவுக்கு மேல் தாழ்ந்தால் பல் தன் பலத்துக்கு மேல் கடிக்கும். மெஷின் உலுக்கும், இழுக்கும். பாரின் முனையின் மேல்பாதி எதிலாவது பட்டால், கண் இமைக்கும் நேரத்தில் பார் முகத்தை நோக்கித் திரும்பும். அதற்கு உங்கள் கை ஈடுகொடுக்காது. இறக்கிய மூக்கை மறுபடி ஏற்றவும் முடியாது. அந்தச் செயினைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கடையில் கொடுத்துச் சாணை பிடித்தால் என்ன என்று கேட்பீர்கள். கல்லில் பட்டு முழுப் பல்லும் உடைந்த செயினுக்குச் சாணை மெஷின் தேவைதான். நானும் ஒரு தடவை கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். பல்லின் நுனியெல்லாம் மயில் கழுத்து நிறத்தில் நீலம் பாய்ந்திருந்தது. அழகாகத்தான் இருந்தது. சாணைக்கல்லை அழுத்திப் பிடித்தால் மெல்லிய விளிம்பு பழுத்துவிடும், எஃகின் பதம் போய்விடும். அந்தச் செயின் அரை நாள்கூடக் கூர் தாங்கவில்லை. மறுபடி நான் அரம் போட முயன்றால் சில பல்லில் அரம் ஏறவே மறுத்தது. நம் ஊர்க் கொல்லரிடம் அரிவாளைக் காய்ச்சி எடுக்கும் நிறத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அரம் அப்படிச் சுடுவதில்லை. அது எடுப்பதும் கொஞ்சமே. கையால் தீட்டும் செயின் சாணையில் தீட்டும் செயினைவிட நீண்ட நாள் உழைக்கும். பல் தேய்ந்து 4 மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும், அல்லது பல்லிலேயே வெட்டியிருக்கும் கோட்டைத் தொட்டதும், மாற்றிவிடுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் பல் தெறிக்கலாம்.

இன்னொரு வேதனையையும் இந்த மேடையில் சொல்லிவிடுகிறேன். சாலையோர மரங்களில் விளம்பரப் பலகையை ஆணி அடித்து மாட்டுகிறார்கள். பலகை போய்விடும், ஆணி உள்ளேயே இருக்கும். பட்டை வளர்ந்து மூடிவிடும். பத்து வருடம் கழித்து அந்த மரம் காற்றில் சாய்ந்து, ஆம்புலன்ஸ் போக வழி வேண்டும் என்று ராத்திரியில் ஓடிப்போய் அறுக்கிறவன் அந்த ஆணியில் மோதுகிறான். ஒரு நொடியில் 36 பல்லும் போகும். பல் போனால் தீட்டலாம். தெறிக்கிற துண்டு கண்ணில் பட்டால் என்ன செய்வது? மரத்தில் ஆணி அடிக்கிறவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள்.

மெஷின் விற்கும் கடைக்காரர்கள் இங்கே சிலர் வந்திருக்கிறீர்கள். மெஷினோடு ஒரு கைடும், செயினுக்கு ஏற்ற மூன்று அரமும், ஒரு மூக்குத் தகடும் சேர்த்துப் பையில் போட்டுக் கொடுங்கள். விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், தவறில்லை. கொடுக்கும்போது நாலு பல்லை வாங்குபவர் கையால் தீட்ட வைத்து அனுப்புங்கள். மெஷினை வாடகைக்கு விடும் சங்கங்களுக்கும் இதே கோரிக்கைதான். அரம் இல்லாமல் போகும் மெஷின் பாதி மெஷின். தோப்புக்காரர்களுக்கு ஒன்று: கூலிக்கு வந்த ஆள் பெட்ரோல் ஊற்றும் நேரத்தில் உட்கார்ந்து அரம் போட்டால், "சும்மா உட்கார்ந்திருக்கிறான்" என்று முகம் கோணாதீர்கள். உங்கள் வேலையைத்தான் அவர் செய்துகொண்டிருக்கிறார்.

மேடைக்குக் கீழே, வேப்பமரத்தடியில் ஒரு நீள மேசை போட்டிருக்கிறோம். ஐந்து வைஸ், ஐந்து பார், ஐந்து கைடு. எல்லாச் செயினையும் நானே மண்ணில் ஓட்டி மழுக்கிக் கொண்டுவந்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு வேலிக்கருவைக் கட்டையும் கிடக்கிறது, தீட்டி முடித்ததும் அறுத்துப் பார்ப்பதற்கு. மகளும் வந்திருக்கிறாள், ஈர்க்குக் கட்டோடு. சாப்பாடு ஒன்றரை மணிக்குத்தான். அதற்குள் ஒவ்வொருவரும் வந்து ஒரு பல்லையாவது உங்கள் கையால் தீட்டிவிட்டுப் போங்கள்.